அம்மாவை அத்தை என்று அழைத்த வருடங்கள்

நம் ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோவை உங்களில் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தீர்கள். கீழ் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும், ஒரே மாதிரி நீலக் கவுன் போட்ட இரண்டு பெண்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “நம்ம ட்வின்ஸ் எங்கப்பா? ஒருத்தி இந்த குரூப்லயே இருக்கா, வாயே தெறக்க மாட்டேங்கறா” என்று ஒரு கேள்வி வேறு.

சரி, திறக்கிறேன். நமக்கெல்லாம் ஐம்பது ஆகிவிட்டது. முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டு மெசேஜ் போடுகிற வயது. இதற்கு மேலும் மூடி மூடி வைத்து என்ன செய்யப்போகிறேன்?

நாங்கள் இரட்டையர் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவள் என் மாமா மகள். பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேடையில் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாளே, “உங்க அத்தை வந்திருக்காங்கடீ” என்று நீங்கள் ஓடிவந்து சொல்வீர்களே, அவள்தான் என் அம்மா.

உங்களுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். மாமா மகள் நெடுநெடுவென்று இருப்பாள். நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். “ஒரு வயித்துல பொறந்ததுங்களுக்கு இவ்வளவு வித்தியாசமா?” என்று கணக்கு டீச்சர் ஒருமுறை வகுப்பிலேயே கேட்டுச் சிரித்தார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடிக்கும்வரை மாமா மகள் பெஞ்சுக்கு அடியில் என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

நாங்கள் இருவரும் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர்கள். மாமா ஸ்ரீரங்கத்திலிருந்து அங்கே ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போனவர். அவர் பார்த்து முடித்த சம்பந்தம்தான் என் அப்பா. அப்பா அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அந்த நாட்டுக் குடிமகன். அம்மா கல்யாணமாகிப் போன பிறகும் தன் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. மாமாவின் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று வார இடைவெளியில் பிரசவம். முதலில் நான், அப்புறம் அவள்.

மாமா தன் குழந்தையைப் பதிவுசெய்ய கோலாலம்பூரில் இருந்த இந்தியத் தூதரகத்துக்குப் பஸ்ஸில் போனார். அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். மாமா மகள் பெயரை மளமளவென்று எழுதிக்கொண்டார்களாம். அடுத்தது நான்.

“கொழந்தையோட அப்பா எந்த நாடு?”

அம்மா சொன்னாள்.

“அப்ப இங்க பதிய முடியாதும்மா.”

“நான் இந்தியாதானே சார்?”

“நீங்க இந்தியாதாம்மா. சட்டம் அப்பாவைத்தான் கேக்குது.”

இந்தக் கதையை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், அந்த மனுஷன் நல்லவர், குழந்தை அழுகிறதே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார் என்றுதான் முடிப்பாள். எனக்கு அந்தத் தண்ணீர் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும். அன்றைய சட்டம் அவ்வளவுதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா இந்தியர் என்றால் குடியுரிமை உண்டு. அம்மா மட்டும் இந்தியர் என்றால் கிடையாது. பத்து மாதம் சுமந்ததற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

எனக்கு ஐந்து வயதில் அப்பா லாரி மோதி இறந்தார். அதே வருடம் மாமாவின் வேலை பர்மிட்டும் முடிந்தது. எல்லாருமாக ஸ்ரீரங்கத்துக்கு வந்து, உத்தர வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியேறினோம். மாமா, அவர் மனைவி, மகள், என் அம்மா, நாலு பேரும் இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தார்கள். நான் மட்டும் மலேசியப் பாஸ்போர்ட்டில், ஆறு மாதம் தங்கலாம் என்று முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறு மாதம் முடிந்த தேதியில் நான் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து அனா ஆவன்னா எழுதிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் சேர்த்தவர் மாமா. அந்தக் காலத்தில் பிறந்த தேதியை வாயால் சொன்னாலே எழுதிக்கொள்வார்கள். “ரெண்டும் என் பொண்ணுங்க, இரட்டை” என்று சொல்லி, தன் மகளின் தேதியையே எனக்கும் கொடுத்துவிட்டார். என் வயதில் மூன்று வாரம் குறைந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “என் பொண்ணா இருந்தா எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்மா. உம் பொண்ணா இருந்தா நாளைக்கே போலீஸ் வந்து நிக்கும்” என்றார். மலைக்கோட்டைக்குக் கீழே சின்னக் கடை வீதியில் ஒரு துணிக்கடையில் அம்மாவுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அண்ணனை எதிர்த்து அவள் என்ன பேசுவாள்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசற்படி ஒரு எல்லைக்கோடு. உள்ளே இருக்கும்வரை அம்மா அம்மாதான், மாமாவின் மனைவி அத்தை. வாசல் தாண்டினால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அத்தையை அம்மா என்றும், அம்மாவை அத்தை என்றும், மாமாவை அப்பா என்றும் கூப்பிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் மாமா எங்களை எதிரே நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார்.

“உங்கப்பா பேரென்ன? உங்கம்மா யாரு? எப்பப் பொறந்தே?”

நான் தடுமாறாமல் சொல்லுவேன். அம்மா அந்த நேரத்தில் கொல்லைப்புறம் போய், காய்ந்துபோன பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் எங்களை இரட்டையராகக் காட்டும் கவுன்களைத் தைத்ததும் அவள்தான். ஆடித் தள்ளுபடியில் மிஞ்சிய துண்டுத் துணியை வாங்கிவந்து இரண்டாக வெட்டுவாள். போட்டோவில் இருக்கும் நீலக் கவுனும் அப்படித் தைத்ததுதான். கழுத்தைச் சுற்றி நெளிநெளியாக வெள்ளை ரிக்ரேக் நாடா வைத்தது, உங்களுக்குக்கூட நினைவிருக்கலாம்.

ஐந்தாம் வகுப்பு ஆடி மாதத்தில் ஈப்போவிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. அப்பாவின் அண்ணன். மாமா கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். குழந்தை இந்த நாட்டுப் பிரஜை, எங்கள் ரத்தம், அங்கே வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, தீபாவளி கழித்து நானே வந்து கூட்டிப்போகிறேன், தராவிட்டால் தூதரகத்தில் எழுதிக்கொடுப்பேன். அவர் படித்து முடிப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. அத்தை எழுந்து போய் அதை அணைக்கவில்லை.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணை. என் கால்கள் தரையில் கிடந்தன.

அந்த வாரம் மாமா ஒரு காரியம் செய்தார், அம்மா ஒரு காரியம் செய்தாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லா நாசமும் அதில்தான் ஆரம்பித்தது.

மாமா செய்தது எனக்கு மட்டும் தெரியும். பதினெட்டாம் பெருக்கு அன்று எல்லாரும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். காவிரி படி தொட்டு ஓடியது. அத்தை வாழையிலையில் காதோலை கருகமணி, மஞ்சள், பழமெல்லாம் வைத்துப் பூஜை செய்துகொண்டிருந்தாள், அம்மா தள்ளி உட்கார்ந்து காப்பரிசி கலந்துகொண்டிருந்தாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் தங்கள் மாலைகளை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைக் கையைப் பிடித்து நாலு படி தள்ளி அழைத்துப் போனார். சட்டைக்குள்ளிருந்து, அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருக்கவேண்டிய என் பாஸ்போர்ட்டையும் அதற்குள் மடித்து வைத்த பிறப்புச் சான்றிதழையும் எடுத்தார். யாரோ விட்ட ரோஜா மாலைக்கு நடுவில் வைத்துத் தண்ணீரில் தள்ளினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பீடை ஒழிஞ்சுது. பேப்பர் இல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போவான்? இனிமே நீ காவேரி கொடுத்த பொண்ணு. உங்கம்மாகிட்டச் சொல்லாத, என்ன?”

தடித்த அட்டை சட்டென்று முழுகவில்லை. மாலையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிப் போய், மண்டபத்துத் தூணுக்கு அந்தப்பக்கம் மறைந்தது. நான் சொல்லவில்லை. தேங்காய் வில்லையும் காப்பரிசியும் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா செய்தது வேறு. கடையில் பில் போடும் அக்காவின் கணவர் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். அவர்தான் வழி சொன்னாராம். இந்தியத் தாய் தன் மைனர் குழந்தையைக் குடிமகளாகப் பதிவுசெய்யச் சொல்லி மனு போடலாம். அப்பா வழியில் தானாக வருவதை, அம்மா வழியில் மனு எழுதிக் கெஞ்சி வாங்கவேண்டும். கிடைத்தால் போதும் என்று அம்மா வார லீவு அன்று பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டாள். அதற்கு முந்தின நாள் பாஸ்போர்ட்டுக்காக டின்னைக் கவிழ்த்துத் தேடினாள். துணிமணியெல்லாம் உதறினாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள்.

“நீ எங்கேயாச்சும் பாத்தியா கண்ணு?”

“இல்லம்மா.”

கடைசியில் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று எழுதி, அதற்குப் பதில் ஒரு போட்டோவை இணைத்தாள். அப்பா, அம்மா, கைக்குழந்தையாக நான். அப்பாவோடு நான் இருக்கும் ஒரே போட்டோ அதுதான். ஃபைலுக்குள் போனது திரும்பி வரவே இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை முற்பகல், சஃபாரி சூட் போட்ட ஒருவர் ரெக்சின் பையோடு வீட்டு வாசலில் நின்றார். விசாரணைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். பெரியப்பா எழுதிப்போட்டுத்தான் வந்திருக்கிறார் என்று மாமா நினைத்துவிட்டார். எங்களுக்கு அவசர அவசரமாக நீலக் கவுனை மாட்டிக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அம்மாவுக்கு அன்று பிற்பகல் ஷிஃப்ட். அவளும் வீட்டில் இருந்தாள். அத்தை மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“இந்த வீட்டுல வெளிநாட்டுல பொறந்த கொழந்தை யாருங்க?”

“ரெண்டுமே சார். என் பொண்ணுங்க. இரட்டை” என்றார் மாமா.

“ஸ்கூல் ரிஜிஸ்டரை நேத்தே பாத்துட்டேன், அதுலயும் அப்படித்தான் இருக்கு.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “ஆனா இதுல ஒரு பொண்ணு தன் பொண்ணுன்னு உங்க தங்கச்சி மனு போட்டிருக்காங்களே?”

மாமா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோபம்கூட இல்லை, வெறும் பயம்.

“ரெண்டுல ஒண்ணுதான் நெசமா இருக்க முடியும்” என்றார் ஆபீசர். குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. “மனு பொய்யின்னா தள்ளுபடி பண்ணிட்டுப் போயிடுவேன். ரிஜிஸ்டர் பொய்யின்னா அது கேஸுங்க. வெளிநாட்டுக் கொழந்தையை இத்தனை வருஷம் மறைச்சு வெச்சதா ஆயிடும். பாஸ்போர்ட்டை என்ன பண்ணீங்கன்னும் கேப்பாங்க.” பிறகு என்னை அருகில் கூப்பிட்டார். “பயப்படாத பாப்பா. இதுல உங்கம்மா யாரு? காட்டு.”

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். உண்மையைச் சொன்னால் பெரியப்பா வந்து பிளேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று மாமா சொல்லி வைத்திருந்தார். அம்மாவை விட்டுப் பிரியாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவள் என் அம்மா இல்லை என்று சொல்வதுதான்.

நான் கையை நீட்டி அத்தையைக் காட்டினேன்.

“அப்ப அவங்க?”

“அத்தை.”

ஆபீசர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். “பென்சில்லதான் எழுதியிருக்கேன். பேனாவுல எழுதறதுக்கு முன்னாடி யாராச்சும் ஏதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க.”

அம்மா வாயைத் திறந்தாள். மாமா வேட்டி நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தையின் கண் நிறைந்துவிட்டது. அம்மா அவர்களைப் பார்த்தாள், எங்கள் இரண்டு கவுன்களையும் பார்த்தாள்.

“நான்தான் தப்பா எழுதிட்டேன் சார். எனக்குக் கொழந்தை இல்ல. அண்ணன் பொண்ணு மேல உசிரு. அதான் அப்படி எழுதிட்டேன்.”

ஆபீசர் பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்த்தார். இந்தச் சின்ன வயதில் புருஷனை இழந்த பெண், பிள்ளை இல்லாத ஏக்கத்தில் புத்தி பேதலித்து ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். அம்மாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘எனக்குக் குழந்தை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் தன் பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டு, மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் சந்து முனை திரும்பிய பிறகுதான் மாமாவுக்குக் குரல் வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?”

“பாஸ்போர்ட் எங்கேண்ணே?”

மாமா சொன்னார். அம்மா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது கையில் இருந்து, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால், பள்ளிக்கூடத்தில் மன்னிப்புக் கேட்டாவது, மனுவை நேர்வழியில் நடத்தியிருக்கலாம். அது மாமாவுக்கும் அந்த நிமிடத்தில் புரிந்துவிட்டது. தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட்டை ஆற்றில் விட்டபோது நானும் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

கொல்லையில் மாமா மகள் என்னிடம் வந்து, “எங்கம்மாவ உனக்குக் குடுத்துட்டு நான் சும்மா நின்னேன், தெரியும்ல?” என்றாள். அதற்கு என் பங்கு தேங்காய் பர்பியை அவளுக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் நான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போனபோது, அம்மா என் வாயைக் கையால் பொத்தினாள். “இனிமே உள்ளேயும் அத்தைதான். எழுதிக் குடுத்தாச்சு. வாய் பழகிடணும்.” அவ்வளவுதான். வாசற்படிக்கு அப்புறம் வேலை இல்லாமல் போய்விட்டது.

பெரியப்பா வரவே இல்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது.

நான் அம்மாவைத் தப்பாகத்தான் எடை போட்டேன், ரொம்ப வருடம். ஒரு தாளில் எழுதி என்னைக் கொடுத்துவிட்டாளே, எனக்காக ஒரு வார்த்தை பேச முன்வரவில்லையே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே வளர்ந்தேன். என் நிஜமான பிறந்தநாள் அன்று மட்டும் வீட்டில் காரணமே இல்லாமல் சேமியா பாயசம் இருக்கும். முதல் டம்ளர் எனக்கு வரும். அதைக்கூட முறைப்பாகத்தான் வாங்கிக் குடிப்பேன். என் கல்யாணத்தில் தாரை வார்த்தது மாமாவும் அத்தையும். உங்களில் நாலைந்து பேர் வந்திருந்தீர்கள். அம்மா பந்தியில், யாருக்கு ரசம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிளஸ் ஒன் படிக்கும்போது சட்டத்தைத் திருத்தினார்கள். அம்மா இந்தியராக இருந்தாலும் போதும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். “இனிமே பொறக்கறதுங்களுக்குத்தானாம்” என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சட்டம் பின்னால் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நான் பாஸ்போர்ட் எடுக்கவே இல்லை. எடுக்கப்போனால் மறுபடி விசாரணைக்கு ஆள் வீட்டுக்கு வரும். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கோலாலம்பூர் விமானம் தலைக்கு மேலே போகும். அப்பா நடந்த தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருச்சி புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் பெண் படிவத்தோடு வந்தாள்.

“கூட இருக்கறவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?”

அம்மா முதலில் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். “எங்கண்ணன் பொண்ணு” என்றாள்.

“உங்களுக்குப் பசங்க யாரும் இல்லையா?”

“எனக்குக் கொழந்தை இல்லம்மா.”

வலியில் முனகிக்கொண்டிருந்தவள், அதை மட்டும் ஒரு திக்கலும் இல்லாமல் சொன்னாள். மாமா போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. அந்த ஆபீசர் எங்கே இருக்கிறாரோ. இவள் மட்டும் நாற்பது வருடமாக அந்தக் கூடத்திலேயே நின்று என்னைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேனே, பாவி நான். எனக்கு அங்கேயே அழுகை பொங்கிவிட்டது.

படிவத்தை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதினேன்.

“அண்ணன் பொண்ணுன்னாங்களே?” என்றாள் நர்ஸ்.

“அவங்களுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம்மா. நான் அவங்க பொண்ணுதான்.”

அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

“பென்சில்லதானே எழுதின?”

“இல்லம்மா. பேனாவுல.”

வாசல் பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் வரவில்லை. நான் அம்மா என்று கூப்பிட்டது அப்போதுதான் அவள் காதில் விழுந்திருக்கவேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, அப்ப கையெழுத்தையும் நீயே போட்டுடு” என்றாள்.